மொய்யாளுக்குப் போகாத சேவிகா

கிராம சேவிகா வேலை என்பது, ஊரார் பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, நம் பிள்ளை ஒரு தடவை தும்மினால் நடுநடுங்கிப் போகிற வேலை.

கைக்குழந்தையோடு முன்பின் தெரியாத ஊருக்கு மாற்றலாகிப் போன சகோதரிகள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கிடைத்தது ஜவ்வாது மலை. நெல்லிவாசல்நாட்டில், இருபது வீடு உள்ள ஒரு ஊர். என் வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே உத்தியோகம். மாதம் ஒரு முறை மலையேறி வருவார், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. டாக்டர் வேண்டுமென்றால் ஒடுகத்தூருக்கு இறங்க வேண்டும். விடிந்ததும் புறப்பட்டால் உச்சிப்பொழுது தாண்டிவிடும், முக்கால்வாசி காட்டு வழி.

எட்டு மாதப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு அந்த வழியை மனசுக்குள்ளேயே எத்தனை தடவை இறங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. பாப்பாவுக்கு ஏதாவது என்றால் யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? என் பயமெல்லாம் இந்த ஒரு கேள்விதான். பகலில் அது கரடி, பாம்பு, ஆபீசர் என்று வேறு வேறு பெயரில் வரும். பாப்பா தூங்கின பிறகு அரிக்கேன் திரியைத் தணித்து வைத்துக்கொண்டு இப்படி எழுத உட்கார்ந்தால் சொந்தப் பெயரிலேயே வந்துவிடும்.

கூரை

எனக்கென்று ஒதுக்கியிருந்த குடிசைக்குக் கூரை பாதிதான் இருந்தது. ஊர்த் தலைவரை அங்கே மூப்பன் என்பார்கள். அவரிடம் போய், கைக்குழந்தை இருக்கிறது, மழை வருகிறது என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் ஆறு பேர் மலைப்புல்லும் மூங்கிலுமாக வந்து இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் கூரை முடிந்தது. கூலி என்று எடுத்து நீட்டினேன். ஒருவரும் கையை நீட்டவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா என்று அன்றைக்கே வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினேன்.

எங்கள் கான்வென்டில் உதவி செய்தவருக்கு நேராக நின்று, கை கூப்பி, மிக்க நன்றி என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். அப்படியே சொன்னேன். வந்தவர்களில் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நாலு பிள்ளை பெற்றவள். இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "அது இருக்கட்டும் டீச்சரம்மா, நீ எப்ப வர்ற?" என்று கேட்டாள். வீட்டுக்கு விருந்து கூப்பிடுகிறாள் என்று நினைத்து, ஒரு நாள் கண்டிப்பாக வருகிறேன் என்றேன். அவள் மற்ற ஐந்து பேரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு நாளு எப்படிப் பத்தும்? ஆறு பேரு வந்துக்கிறோமே."

களை

ஆவணியில், பிள்ளைகளுக்கு எடை பார்க்க வீடு வீடாகப் போகும்போது ஒரு நிலத்தைப் பார்த்தேன். சுற்றிலும் இருந்த நிலங்களில் சாமைப் பயிர் துடைத்து வைத்த மாதிரி நிற்க, அது ஒன்றில் மட்டும் பயிரைவிடக் களை உயரமாக இருந்தது. நடுவில் ஒருவனும் அவன் பெண்டாட்டியும் மட்டும் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டியின் முதுகில் துணியில் கட்டிய கைக்குழந்தை. அவன் பெயர் வெள்ளையன். ஊரெல்லாம் கூட்டம் கூட்டமாகக் களை எடுக்கும்போது இவர்கள் ஏன் தனியாக என்று சின்னக்கண்ணுவிடம் கேட்டேன்.

அப்போதுதான் மொய்யாள் என்ற சொல்லை முதல் தடவை கேட்டேன். இன்றைக்கு ஊரார் என் நிலத்துக்கு ஆளாக வந்தால், அவரவர் வேலை நாளில் நான் அவரவர் நிலத்துக்கு ஆளாகப் போக வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு நாள். கூலி கிடையாது, சாப்பாடு மட்டும் உண்டு. வெள்ளையன் போன வருஷம் எல்லாரையும் வரவழைத்து வேலை வாங்கிக்கொண்டு, திருப்ப வேண்டிய அறுப்புச் சமயத்தில் கூலி வேலை என்று போளூர்ப் பக்கம் இறங்கிப் போய்விட்டானாம். சண்டை ஒன்றும் நடக்கவில்லை, பஞ்சாயத்தும் வைக்கவில்லை. இந்த வருஷம் யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

கூரை மேல் ஏறியிருந்த ஆறு பேரும் என் கண்முன் வந்தார்கள். அவர்களோடு பேச்சுவார்த்தையே இல்லையா என்று கேட்டேன். சின்னக்கண்ணுவுக்கு என் கேள்வி விளங்கவே இல்லை. "பேசாம இன்னா? பேசுவோம், பொழங்குவோம், நெருப்பு கேட்டா குடுப்போம். நாளு மட்டும் இல்ல."

ஆபீசர் வந்தார்

அந்த மாதமே எங்கள் விரிவாக்க அதிகாரி வந்தார். ஜீப்பை வழியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்ததில் பூட்ஸ் முழுக்கச் சேறு, முகத்தில் கோபம். ஊரைக் கூட்டி, ஜீப் வரும்படி பாதையை நீங்களே வெட்டிக்கொள்ள வேண்டும், இதற்குச் சிரமதானம் என்று பெயர், தேசத்துக்காக எல்லாரும் கூடி உழைப்பது என்று அரை மணி நேரம் பேசினார். யாரும் அசையவில்லை. பாதை நடக்காவிட்டால் உங்களைப் பற்றித்தான் மேலே எழுத வேண்டியிருக்கும் என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. இவர்கள் கூடி வேலை செய்வதற்கு ஏதோ ஒரு சொல் வைத்திருக்கிறார்களாமே, அதன் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள், அந்தச் சொல்லையே நோட்டீசில் போட்டுக் கூப்பிடுவோம் என்றார். பயத்தில் அங்கேயே ஒப்பித்தேன்: ஈ மொய்க்கிறது என்கிறோமே சார், அந்த மொய்தான், மொய் என்றால் கூட்டம், கூட்டமாகச் செய்கிற வேலை. அவருக்குத் திருப்தி. மூப்பனைப் பார்த்து, கேட்டீரா, உங்கள் மொய்யாளைத்தான் அரசாங்கமும் கேட்கிறது என்றார். மூப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், வெகு மரியாதையாகக் கேட்டார்: "சரிங்க, நாங்க வர்றோம். ஆபீசருங்க எங்க சாமை அறுக்க என்னிக்கு வருவாங்க?"

தூளி

ஆறு நாளைத் திருப்பிவிடுவது என்று முடிவு செய்து ஒரு காலையில் புறப்பட்டேன். களைக்கொத்துப் பிடிக்கத் தெரியாவிட்டாலும் கற்றுக்கொள்ளலாம். அன்றைக்கு ஆள் கூடியிருந்த நிலத்தை அடைந்ததும் பார்த்தேன்: ஓரத்திலிருந்த புளியமரத்தின் தாழ்ந்த கிளைகளில் ஐந்து துணித்தூளிகள். ஐந்திலும் பிள்ளைகள். கீழே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்து, ஒன்று மாற்றி ஒன்றாக ஆட்டிக்கொண்டிருந்தாள். தூளிக்குக் காவல் இருந்தாலும் அது முழு ஆள்தான், முழு நாள்தான் என்றார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் பத்தடியில் காடு தொடங்குகிறது. போன வருஷம் இதே மரத்தடியில் கரடி வந்து புளியம்பழம் பொறுக்கியது என்று யாரோ சாதாரணமாகச் சொன்னார்கள்.

பாப்பாவை வாங்கச் சின்னக்கண்ணு கையை நீட்டினாள். எனக்குக் கை வரவில்லை. கிளையில் கட்டெறும்பு ஊர்கிறது; முடிச்சு அவிழ்ந்தால்? காட்டுக்குள் ஏதோ சருகு நொறுங்கியது. இத்தனைக்கும் போன வாரம்தான் இதே தாய்மார்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு பற்றிப் படம் காட்டிப் பாடம் நடத்தியிருந்தேன். தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லி, பிள்ளையை இறுக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். சின்னக்கண்ணு கத்தவில்லை. வரப்பு வரைக்கும் கூடவே வந்து சொன்னாள்: "எங்க புள்ளைங்க தூங்கற மரத்துல உன் புள்ளைக்கு மட்டும் இன்னாம்மா வந்துடும்?"

ஆறு டின்

என் புத்தி பிறகு எப்படிப் போயிற்று என்றால், நாளுக்குப் பதில் பொருளாகக் கொடுத்துவிடலாம் என்று போயிற்று. பாப்பாவுக்காக வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த பால்பவுடர் டின்னில் ஆறை எடுத்து, கூரை வேய்ந்த ஆறு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஆறு டின்னும் வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் மூடிகூடத் திறக்கவில்லை.

அப்போது வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் வருவார். தோல் பதனிடும் இடங்களுக்குக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் வாங்கிக் கழுதை மேல் ஏற்றிப் போகிறவர். அன்று காலை வந்தவர், வாசலில் டின்னைப் பார்த்ததும் விஷயம் புரிந்துகொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆபீசருக்கு எழுத வேண்டியிருக்கிறதே, இந்தச் சொல் எங்கிருந்துதான் வந்தது பாய் என்று கேட்டேன். தன்னிடம் கழுதை ஓட்டுகிறவர்கள் கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள், அவர்கள் முய்யி என்பார்கள், வாங்கினதைத் திருப்புவது என்று அர்த்தம், கல்யாண வீட்டில் நாம் வைக்கிற மொய்யும் அந்த வழிதானே என்றார். மூப்பனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார், ஆதியில் மலையேறி வந்தவர்கள் ஏழே வீடு, ஒரு வீட்டால் ஒரு கரடியைக்கூட விரட்ட முடியாது, அதனால் ஏழு வீடும் ஒரு நிலத்தில் ஒரு நாள் என்று நின்றார்கள், அங்கே பிறந்தது என்பார் என்றார். எதை எழுதுவது? இரண்டையும் எழுதம்மா, ஒன்று சொல் வந்த வழி, ஒன்று பயம் வந்த வழி என்றார். பிறகு அவருடைய கதையே வந்தது. ஒரு மழையில் அவர் கழுதைகள் பள்ளத்தில் விழ, இந்த ஊரார் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அதற்காக இரண்டு நாள் இவர்கள் களத்தில் நின்று சாமை தூற்றினாராம், அந்த வெள்ளை ஜிப்பாவோடு. எழுந்து போகும்போது ஒரு டின்னைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் கடையில கிடைக்கிற சாமான்ம்மா. அவங்க குடுத்தது ஒடம்பு. ஒடம்பாலதான் தீரும்."

ஐப்பசி மழை

மூன்று நாள் விடாத மழை. பாப்பாவுக்கு முதல் நாள் சளி, இரண்டாம் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் விடியற்காலையில் கண் மேலே செருகிக் கைகால் வெட்டி இழுத்தது. ஈரத்துணி போட்டதில் இழுப்பு நின்றது; உடம்பு அனலாகவே கிடந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னக்கண்ணு வீட்டு வாசல் வரைக்கும் போனேன். தட்ட முடியவில்லை. நாளு இல்ல என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? தட்டாமல் போனால் ஒருவேளை வந்திருப்பார்கள் என்ற நினைப்பாவது மிஞ்சும். உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். அந்த வாசலில் நின்ற எனக்கு அப்படித் தெரியவில்லை.

பாப்பாவை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மேலே கோணியைப் போட்டுக்கொண்டு, தனியாகவே இறங்கினேன். முதல் சரிவிலேயே வழுக்கி உட்கார்ந்தேன், கணுக்கால் பிசகிவிட்டது. பாப்பா முனகக்கூட இல்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், காலை ஊன்ற முடியவில்லை. மழைச் சத்தத்தில் பின்னால் ஆள் வந்தது தெரியவில்லை. மூங்கில் ஒன்றில் கம்பளி கட்டிய டோலியோடு எட்டுப் பேர். திறந்து கிடந்த என் கதவைப் பார்த்துச் சின்னக்கண்ணுதான் எழுப்பிவிட்டிருக்கிறாள். எட்டாவது ஆளாக, கொஞ்சம் ஒதுங்கி, வெள்ளையன். யாரும் அவனைக் கூப்பிட்டதாகவும் தெரியவில்லை, போ என்றதாகவும் தெரியவில்லை. என்னையும் பிள்ளையையும் டோலியில் போட்டு, இரண்டிரண்டு பேராகத் தோள் மாற்றி, ஓட்டமும் நடையுமாக இறங்கினார்கள். ஓடையில் இடுப்புத் தண்ணீர். டோலியின் பின்பக்கம் தாழ்ந்தபோது வெள்ளையன் அடியில் புகுந்து முதுகைக் கொடுத்ததைப் பார்த்தேன். ஒடுகத்தூரில் ஊசி போட்டார்கள். நாலாம் நாள் பாப்பா பால் குடித்தாள்.

மலையேறி ஊருக்குத் திரும்பியதும், நான் ஒரு நாள்கூடத் திருப்பவில்லையே, பின் ஏன் வந்தீர்கள் என்று சின்னக்கண்ணுவிடம் கேட்டேன். அன்பு, இரக்கம் என்று ஏதாவது சொல்வாள், அழலாம் என்று தயாராக இருந்தேன். அவள் பாப்பாவை என்னிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "புள்ளைக்கு ஒண்ணு ஆய்ட்டா நீ மலையெறங்கி ஒரேயடியாப் போய்டுவ. அப்புறம் எங்க ஆறு நாளை யாரு குடுப்பா?"

புளியமரம்

கூரைக்கு ஆறு, டோலிக்கு எட்டு. பதினாலு நாள். கார்த்திகையில் அறுப்பு தொடங்கிய முதல் நாளே அரிவாள் கேட்டுப் போனேன். கணுக்கால் இன்னும் வீங்கியிருந்ததைப் பார்த்து மூப்பன் என்னை மரத்தடிக்கு அனுப்பிவிட்டார். கிளைகளில் ஆறு தூளி. ஏழாவதாக நானே பாப்பாவை வைத்தேன். முடிச்சை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையனின் பெண்டாட்டி வந்து, யாரையும் பார்க்காமல், எட்டாவது தூளியைக் கட்டிவிட்டு, அறுக்கிற வரிசையில் கடைசியில் போய்க் குனிந்தாள். பக்கத்திலிருந்தவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அந்த ஒரே நாளில் நான் பட்ட பயம் என் ஆயுசுக்கும் போதும். ஒரு பிள்ளைக்குப் பயந்து பழகியவள், எட்டுக்குப் பயந்தேன். கிளைக்குக் கிளை எறும்பைத் தட்டினேன். காட்டில் குருவி பறந்தாலும் கல்லைக் கையில் எடுத்தேன். எட்டு மூக்கிலும் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு, முடிந்ததும் முதல் மூக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மத்தியானம் களியுண்டை கொடுத்தார்கள், இறங்கவில்லை. பொழுது சாயும்போது தாய்மார்கள் வந்து அவரவர் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். நாளைக்கு எனக்கு அரிவாளே கொடுங்கள், இந்த வேலை வேண்டாம், நான் ரொம்பப் பயப்படுகிறவள் என்று சின்னக்கண்ணுவிடம் கெஞ்சினேன். அவள் தன் பிள்ளையின் கன்னத்தைத் தடவி, ஒரு எறும்புக் கடிகூட இல்லை என்று பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அறுக்கறதுக்கு ஊரே கீது. தூளிக்குப் பயப்படற ஆளுதான் வேணும், நாளைக்கும் நீயே ஒக்காரு."

ஆபீசர் கேட்ட பொருளையும் பிறப்பையும் அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன், சகோதரிகளே, ஆனால் அந்தச் சொல்லை முழுசாகத் தீர்க்க நான் இன்னும் பதின்மூன்று நாள் மரத்தடியில் நடுங்கியாக வேண்டியிருக்கிறது.